கிழிந்த திரையும் வாயடைத்த விண்டோஸும்: ஈசூன் வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஏழு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். கீழே, "மாமா, ஸ்கிரீன் கிழியுது பாருங்க" என்று ஒரு வரி. ஏழையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்ப் பந்தய விளையாட்டு அது; மழை நனைத்த சாலையில் நீலக் கார் ஒன்று அம்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பையன் பொய் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது கிராஃபிக்ஸ் கார்டு வரைந்து முடித்த முழுப் படத்தின் நகல். அந்தப் படம் மானிட்டருக்குப் போய்ச் சேரும் வழியில்தான் கிழிகிறது, அதனால் நகலில் அகப்படாது. "ஃபோனை ஸ்லோ மோஷன்ல வச்சு மானிட்டரையே வீடியோ எடுத்து அனுப்புடா" என்றேன். அதில் பளிச்சென்று தெரிந்தது. கார் வளையும்போது சாலையோர விளக்குக் கம்பங்கள் எல்லாம் இடுப்பில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி ஒரு விரற்கடை தள்ளியும் நின்றன.

இது ஜூன் பள்ளி விடுமுறையில். சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. கணினி கூடத்து மூலையில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் உயர்நிலை நான்கு. ஆண்டுக் கடைசியில் சாதாரண நிலைத் தேர்வு. ஆனால் கணினி அவனுடையது மட்டுமில்லை. அக்கா அதில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பார், அத்தான் அதில்தான் வருமான வரிப் படிவத்தைத் திறப்பார். இந்த விவரம் முதலில் எனக்கு முக்கியமாகப் படவில்லை. பிறகு பட்டது.

கருவிகள் இவை: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11, இரண்டாம் கையாக வாங்கிய 27 அங்குல மானிட்டர். மானிட்டர் 1440பி தெளிவும் 165 ஹெர்ட்ஸும் கொண்டது, அதாவது வினாடிக்கு 165 தடவை வரை படத்தைப் புதுப்பிக்கும். அந்த விலைக்கு நல்ல மானிட்டர்தான்.

கேட்காத கணினி

சனிக்கிழமை பிற்பகல் போனேன். அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவில் பதினோரு வருடம் உட்கார்ந்தவனுக்குச் சில பழக்கங்கள் உண்டு. கார்டு வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வரைகிறது என்று காட்டும் சிறு நிரல் ஒன்றை என் பென் டிரைவிலிருந்து நிறுவப் போனேன். இரட்டைக் கிளிக். நிறுவி முடிந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. திரை மங்கி, "இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், பயனர் கணக்குக் கட்டுப்பாட்டுக்கான ஸ்லைடர் அடிமட்டத்தில், "ஒருபோதும் அறிவிக்காதே" என்ற இடத்தில் கிடந்தது.

"யாருடா இதை இறக்குனது?"

"நான்தான் மாமா. சும்மா சும்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அதட்டினால் பாதிக் கதைதான் வெளியே வரும் என்று தெரியும். கோப்பி வந்தது, உட்கார்ந்து கேட்டேன். அவன் சொன்ன வரிசை இது. முதலில் கிழிசல். யாரோ ஒருவரின் வீடியோவைப் பார்த்து, விளையாட்டின் கோப்பில் "நிர்வாகியாக இயக்கு" என்ற கட்டத்தை டிக் செய்திருக்கிறான். கிழிசல் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அனுமதிப் பெட்டி வரத் தொடங்கியது. அடுத்து, ஃப்ரேமை 60-க்குக் கட்டிப்போட ஒரு நிரல். அதைத் திறந்தாலும் பெட்டி. விசைப்பலகையின் வண்ண விளக்குக்கு ஒரு நிரல், அதன் புதுப்பிப்பான் பந்தயத்தின் நடுவில் பெட்டியைத் தூக்கிக் காட்டி, விளையாட்டை முழுத்திரையிலிருந்து கீழே தள்ளியிருக்கிறது. மூன்றாவது சுற்றில் முதலிடத்தில் இருந்தானாம். அன்றைக்கு ராத்திரியே இன்னொரு வீடியோவைப் பார்த்து ஸ்லைடரை இறக்கிவிட்டான்.

கடைசிக் கண்ணிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கிழிசலை "ஒரே கிளிக்கில்" நீக்கும் என்று ஒரு நிரல். கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பாக வந்திருக்கிறது. திறப்பதற்கு முன் டவுன்லோட்ஸ் கோப்புறையை விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சேர்த்திருக்கிறான். இயக்கியிருக்கிறான்.

"அப்புறம் கிழிசல் போச்சா?"

"போகல மாமா."

கடவுச்சொல் போட்ட ஸிப்புக்குள் என்ன இருக்கிறது என்று வைரஸ் தடுப்பால் எட்டிப்பார்க்க முடியாது. பிரித்த பிறகாவது பிடிக்கும் என்றால், அந்தக் கோப்புறையைப் பார்க்காதே என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. பெட்டியாவது கேட்கும் என்றால், அதன் வாயையும் அடைத்தாயிற்று. மூன்று கதவையும் உள்ளிருந்தே திறந்து வைத்த கதை.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது

பலருக்கும் இது வெறும் தொல்லை. விண்டோஸ் விஸ்டாவில் முதன்முதலாக வந்தபோது நானும் திட்டியவன்தான். அமைப்புக் கோப்புறையில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால்கூடக் கேட்கும். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது நான்கு படி ஸ்லைடரைக் கொடுத்தார்கள், கேள்விகளும் குறைந்தன.

நிர்வாகிக் கணக்கில் நுழைந்திருந்தாலும் விண்டோஸ் உங்களிடம் இரண்டு சாவிக்கொத்து வைத்திருக்கிறது. அன்றாட வேலைக்குச் சின்னக் கொத்து. கணினியின் அடிப்படையில் கைவைக்கும் வேலைக்குப் பெரிய கொத்து. நிரல் பெரியதைக் கேட்டால் பெட்டி வருகிறது. ஸ்லைடர் அடிமட்டத்தில் இருந்தால், நிர்வாகிக் கணக்கில் கேட்கிற எவனுக்கும் பெரிய கொத்து சத்தமில்லாமல் போய்விடும்.

திரை மங்குவது அலங்காரத்துக்கு இல்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் தனியாக ஒரு மேசைக்கு மாறிக்கொள்கிறது. மற்ற நிரல்கள் அங்கே வர முடியாது, 'ஆம்' பொத்தானை உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடியாது. முழுத்திரை விளையாட்டு கீழே விழுவதும் இந்த மாற்றத்தால்தான். பையனின் எரிச்சலில் நியாயம் உண்டு என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்டால் ஏழாவது தடவை எவனும் படிக்க மாட்டான்.

கிழிசலைத் தொடுவதற்கு முன்

டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டேன். கணினி மறுதொடக்கமாகி, கால் மணி நேரத்துக்குள் ஒரு கோப்பைக் கண்டுபிடித்து நீக்கியது. அத்தான் "அப்ப சரியாயிடுச்சு" என்றார். என் கணக்கு வேறு. நிர்வாகி உரிமையோடு ஒரு தடவை ஓடிய நிரல் வேறு எதையெல்லாம் எங்கே வைத்துவிட்டுப் போனது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வீட்டு வங்கி வேலை நடக்கிற கணினியில் "அநேகமாகச் சுத்தம்" என்பது போதாது. துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது என்று முடிவு செய்தேன். நிறுவும் பென் டிரைவை என் மடிக்கணினியில்தான் தயாரித்தேன். சந்தேகப்படும் கணினியிலேயே அதைச் செய்வதில் பொருளில்லை. பள்ளிக் கோப்புகளும் படங்களும் மட்டும் வெளியே எடுக்கப்பட்டன. நிரல் கோப்பு ஒன்றுகூட இல்லை.

அது ஓடுகிற நேரத்தில் கடவுச்சொற்களை மாற்றினோம், எல்லாம் ஃபோனிலிருந்து. மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் வழியாகத்தான் மீட்கப்படும். பிறகு பையனின் விளையாட்டுக் கணக்குகள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும். ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்கு அடையாளமாக பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் குக்கியைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தோம், பணம் நகரவில்லை. அவர் பல மாதமாக ஃபோனில் இருக்கும் டிஜிட்டல் டோக்கன் வழியாகத்தான் நுழைகிறார். 2024 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், டோக்கன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, "இது என்ன புதுத் தலைவலி" என்று என்னிடம் புலம்பியவர் இவர்தான். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. சேமிப்பில் பெரும்பகுதியை அன்றே பணப் பூட்டில் போட்டார். அதில் பூட்டிய பணத்தை இணையம் வழியாக மாற்ற முடியாது. "1799-க்கு அடிக்கணுமாடா?" என்று கேட்டார். சந்தேகமாக ஏதாவது அழைப்போ செய்தியோ வந்தால் உடனே அடிங்க என்றேன். அந்த ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

கம்பம் ஏன் வெட்டுப்படுகிறது

புதிதாக நிறுவிய விண்டோஸ். கார்டை இயக்கும் புதிய டிரைவர். ஸ்லைடர் அதன் இயல்பான இடத்தில். விளையாட்டைத் திறந்தோம். கம்பங்கள் முன்போலவே வெட்டுப்பட்டன.

எனக்கு அது நல்ல செய்தி. குற்றம் மென்பொருளில் இல்லை, அவன் இயக்கிய எந்த மந்திரமும் இதைத் தொட்டிருக்கவே முடியாது. டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தேன்: 60 ஹெர்ட்ஸ். மானிட்டருக்குப் பின்னால் கையைவிட்டுத் தடவினேன்: எச்டிஎம்ஐ கேபிள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருக்கிறது, வாங்கிய நாள் முதலாக.

மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதுகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு முழுப் பக்கம் எழுத 16.7 மில்லிவினாடி. கார்டு அப்போது வினாடிக்கு 100 ஃப்ரேம் வரைந்துகொண்டிருந்தது, அதாவது 10 மில்லிவினாடிக்கு ஒரு புதிய படம். பக்கம் பாதி எழுதும்போதே புதுப் படம் வந்துவிடுகிறது. மானிட்டர் மிச்சப் பாதியை அதிலிருந்து எழுதுகிறது. மேலே பழைய காட்சி, கீழே புதிய காட்சி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெட்டு, சில பக்கங்களில் இரண்டு. கார் நேராகப் போகும்போது கண்ணில் படாது. பக்கவாட்டில் திரும்பும்போது, செங்குத்தாக நிற்கிற எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

பையனுக்கு ஒரு சந்தேகம். "நான் ஃப்ரேமை 60-க்குக் கட்டினேனே மாமா. மானிட்டரும் 60, ஃப்ரேமும் 60. அப்பவும் கிழிஞ்சிச்சே?" நல்ல கேள்வி. அப்போது கோடு தாறுமாறாகக் குதிக்காமல் திரையில் மெதுவாக ஊர்ந்திருக்குமே என்றேன். கண்ணை விரித்தான்: "ஆமா! பல்லி மாதிரி ஏறும்!" இரண்டு பேர் ஒரே காலப்பிரமாணத்தில் தாளம் போடலாம், ஒருவர் அரை மாத்திரை தள்ளித் தொடங்கியிருந்தால் கடைசிவரை தட்டு சேராது. எண்ணிக்கை ஒத்துப்போனது, தொடங்கும் கணம் ஒத்துப்போகவில்லை.

அந்தக் கணத்தை ஒத்துப்போகச் செய்வதுதான் வி-சிங்க். கார்டு தன் புதுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மானிட்டர் பக்கத்தை முடிக்கும்வரை காத்திருக்கும். கிழிசல் நின்றுவிடும். ஆனால் காத்திருக்கும் நேரம் கையில் தெரியும். "ஸ்டீயரிங் சேத்துல மாட்டின மாதிரி இருக்கு" என்பது அவன் வாக்கு. சில விளையாட்டுகளில் ஃப்ரேம் 60-க்குச் சற்றுக் குறைந்தாலே 30-க்கு விழுந்துவிடும், படத்தை வைத்துக்கொள்ள இரண்டு இடம் (பஃபர்) மட்டும் வைத்து வி-சிங்க் ஓடினால்.

காசு செலவழிக்காமல் ஒரு வழி இருக்கிறது. விளையாட்டே திரையை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரையிலிருந்து, திரையை நிறைக்கும் விளிம்பில்லாத போர்டர்லெஸ் ஜன்னலுக்கு மாற்றினேன். பெரும்பாலான விளையாட்டுகளில் அப்போது விண்டோஸே படத்தைத் தொகுத்து அனுப்பும், தொகுத்தது கிழியாது. விண்டோஸ் 11-இல் ஜன்னல் விளையாட்டுகளுக்கான மேம்படுத்தல் என்ற பொத்தானையும் போட்டுவிட்டால் தாமதமும் குறையும். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம். இன்னொரு வசதி: அனுமதிப் பெட்டி வந்தாலும் போர்டர்லெஸ் விளையாட்டு திரை கறுத்துக் கீழே விழாது, பெட்டி போனதும் அதே இடத்தில் நிற்கும்.

ஆனால் வீட்டில் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கும்போது அத்தோடு எழுந்து போக மனம் வரவில்லை. சோதனைக்காக முழுத்திரைக்கே திரும்பி, அதே எச்டிஎம்ஐயில் வேகத்தை 144-க்கு ஏற்றினேன். வெட்டு இருந்தது. ஒவ்வொரு வெட்டும் திரையில் நிற்கும் நேரம் 16.7-இலிருந்து 7 மில்லிவினாடிக்குக் குறைந்ததால் கண் பாதியைக் கோட்டைவிட்டது. 165 அந்தக் கேபிளில் பட்டியலிலேயே இல்லை. இந்தத் தெளிவில் அவ்வளவு வேகத்தை இந்த மானிட்டரின் எச்டிஎம்ஐ 2.0 முழு வண்ணத்தோடு தாங்காது.

மானிட்டரைக் கார்டுக்காகக் காத்திருக்க வைப்பது ஜி-சிங்க். அந்த அமைப்பைத் தேடினால் என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் அந்தப் பக்கமே காணோம். காரணம் வரலாற்றில் இருக்கிறது. என்விடியா 2013-இல் ஜி-சிங்க்கைக் கொண்டுவந்தபோது மானிட்டருக்குள் தனிச் சில்லு வேண்டியிருந்தது. மறுவருடம் திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்பக் காத்திருக்கும் அடாப்டிவ்-சிங்க்கை, எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டின் தரத்தில் சேர்த்தது. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி அதன்மேல் ஃப்ரீசிங்க்கைக் கட்டியது. என்விடியா தன் கார்டுகளை அந்த மானிட்டர்களுக்குத் திறந்துவிட்டது 2019 ஜனவரியில்தான், அதுவும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. எச்டிஎம்ஐ தரத்தில் இந்த வசதி 2.1 பதிப்பில்தான் வந்தது. ஆக, இந்த விஷயத்தில் இந்தக் கார்டும் இந்த மானிட்டரும் பேசிக்கொள்ள ஒரே பாதை டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். ஏஎம்டி கார்டாக இருந்திருந்தால் பழைய எச்டிஎம்ஐயிலேயே வேலை நடந்திருக்கக்கூடும்.

பதினைந்து வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சிம் லிம் ஸ்குவேர். இரண்டு மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், பதினைந்து வெள்ளி. கடைக்காரர் முப்பத்தைந்து வெள்ளிக்குத் தங்கமுலாம் பூசிய ஒன்றையும் காட்டினார், பையன் அதைத்தான் ஆசையாகப் பார்த்தான். டிஜிட்டல் சமிக்ஞைக்குத் தங்கம் எதற்கு? அந்தக் காசில் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ்-சிங்க் அணைந்திருந்தது; கீழ்விளிம்பிலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தி அழுத்தி நான்காவது பக்கத்தில் கண்டுபிடித்தோம். அதைப் போட்டதும் என்விடியா பலகத்தில் காணாமல்போன பக்கம் முளைத்தது. விண்டோஸில் 165. ஜி-சிங்க் ஆன், ஜன்னல் விளையாட்டுகளுக்கும் சேர்த்து. வி-சிங்க்கை விளையாட்டுக்குள் அணைத்துவிட்டு, என்விடியா பலகத்தில் மட்டும் ஆன். ஃப்ரேம் உச்சவரம்பு 157.

157 ஏன் என்று கேட்டான். மானிட்டர் கார்டுக்காகக் காத்திருப்பது அதன் உச்சவேகத்துக்குள்தான். 165-ஐத் தொட்டுவிட்டால் பழைய வி-சிங்க் வரிசை திரும்ப வந்து, சேறும் கூடவே வரும். அதற்கு ஏழெட்டு ஃப்ரேம் கீழேயே நிறுத்திவிட்டால் அந்த வாசலுக்கே போக மாட்டோம்.

அதே நீலக் கார், அதே வளைவு, அதே ஸ்லோ மோஷன் வீடியோ. கம்பங்கள் முழுசாக நின்றன. குறை ஒன்று மிச்சம்: காட்சி ஏறும் இடைவேளைகளில் ஃப்ரேம் திடீரென்று விழும்போது திரையின் வெளிச்சம் லேசாகத் துடிக்கிறது. விஏ வகைப் பேனல்களில் இது நடக்கும். அதைச் சரிசெய்ய என்னிடம் வழியில்லை.

பெட்டிகளை எண்ணியது

ஸ்லைடரை மேலே ஏற்றிவிட்டு மட்டும் கிளம்பியிருந்தால், அடுத்த மாதம் அது மறுபடி கீழே போயிருக்கும். ஆகவே எந்தெந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று அவனையே எழுதச் சொன்னேன். விளையாட்டு: "நிர்வாகியாக இயக்கு" டிக் இனி வைக்கவில்லை, பெட்டியும் வரவில்லை. ஃப்ரேம் கட்டும் நிரல்: 2020 முதல் என்விடியா பலகத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது, நிரலே வேண்டாம். விசைப்பலகை விளக்கு: எஃப்என் விசையோடு இன்னொன்றை அழுத்தினால் வண்ணம் மாறுகிறது, நிரலுக்கு வேலையில்லை. மூன்றும் போயின. மிச்சம் இருப்பது, உண்மையிலேயே புதிதாக ஒன்றை நிறுவும்போது வரும் பெட்டி மட்டும்.

வாக்குவாதம் நடந்தது கணக்குகளைப் பிரிக்கும்போதுதான். நிர்வாகிக் கணக்கு அக்காவுக்கு. பையனுக்குச் சாதாரணக் கணக்கு. அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. "என்னை நம்பலையா மாமா?" நிர்வாகிக் கணக்கில் அந்தப் பெட்டியை ஒரு பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசாஃப்ட்டே கருதுவதில்லை, அதைச் சுற்றிப்போகிற வழிகள் உண்டு, சாதாரணக் கணக்கில் இருந்தால் எதிரே நிற்பது உண்மையான சுவர் என்று விளக்கினேன். பாதிதான் ஏறியது. பிறகு என் அலுவலக மடிக்கணினியைத் திறந்து, நானும் அதில் சாதாரணக் கணக்கில்தான் இருக்கிறேன் என்று காட்டினேன். அது ஏறியது. இப்போது பெரிய சாவிக்கொத்தைக் கேட்கும் எதை நிறுவினாலும் அக்காவின் பின் எண்ணைக் கேட்கும். அக்கா ஒரு நிபந்தனை போட்டார்: தாளிக்கிற நேரத்தில் கூப்பிடக் கூடாது.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஸ்கிரீன்ஷாட் இல்லை. கூடத்து விளக்கு மானிட்டரில் பிரதிபலிக்க, ஃபோனால் எடுத்த கோணலான படம். அந்தத் தனி மேசையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது என்று அவனே கண்டுபிடித்திருக்கிறான். மஞ்சள் பட்டை. வெளியீட்டாளர்: தெரியவில்லை. பின் எண் கட்டம் காலி.

"எங்கேர்ந்துடா இறக்குனே?" என்று தட்டினேன்.

"ஒரு வீடியோ கீழ இருந்த லிங்க். 'நோ' அழுத்திட்டேன் மாமா. இது என்னன்னு சும்மா உங்களைக் கேட்டேன்."